இழுப்பறைக்குள் ஜப்பான் நத்தை

அந்தப் பீரோவின் இழுப்பறைகள் மழைக்கு ஊதிப்போய்த் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தன. அதனால்தான் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட நான், படித்தவர்கள் மட்டும் போகிற ஒரு நூலகத்துக்குள் கால் வைத்தேன். முருகன் யாரை எந்த வாசல் வழியாகக் கூப்பிடுவான் என்று நமக்கென்ன தெரியும்? என்னை இழைப்புளியோடு வரச் சொன்னான்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. நான் போர்ட் பிளேரில் பொதுப்பணித் துறையில் தச்சன். எனக்கும் என் மனைவிக்கும் ராமநாதபுரம் பக்கம். கல்யாணமான கையோடு கப்பலேறி வந்து, கராச்சர்மாவில் தகரக் கூரை போட்ட வீட்டில் குடியிருந்தோம். நூலகம், அபர்டீன் பஜாருக்கு மேலே மேட்டில் ஒரு சர்க்கார் அலுவலகத்தின் பின்பக்கத்து அறை. விவசாயம், காடு, மீன், கால்நடை என்று எதைப் பற்றிய சஞ்சிகையானாலும் கப்பலில் வந்து இறங்கி அங்கேதான் அலமாரி ஏறும்.

அதைப் பார்த்துக்கொண்டவர் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர். நான் அவரைத் தாதா என்பேன், வங்காளத்தில் அண்ணன் என்று அர்த்தம். அவர் என்னை மிஸ்திரி என்பார். நாங்கள் பேசிக்கொண்டது தீவு இந்தியில். என் இந்தியைக் கேட்டு அவர் சிரிப்பார், அவர் இந்தியைக் கேட்டு நான் சிரிப்பேன். ஆகவே இங்கே தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

பீரோ நல்ல தேக்கு. கல்கத்தாவில் செய்தது. அங்கே பனிக்காலத்து உலர்ந்த காற்றில் அளவெடுத்துச் செய்ததை இங்கே கொண்டுவந்து எட்டு மாத மழையில் நிறுத்தினால் என்ன ஆகும்? சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றுக்கும் பித்தளைப் பிடி. ஒன்றும் அசையவில்லை. நான் பின்பலகையைக் கழற்றி, பின்னாலிருந்து தட்டி, ஒரு இழுப்பறையை வெளியே எடுத்தேன். உள்ளே அஞ்சலட்டை அளவில் அட்டைகள், நெருக்கமாக, அடியில் ஓட்டை போட்டு ஒரு நீளக் கம்பியில் கோத்துக் கிடந்தன.

“என்ன தாதா இது, சீட்டுக்கட்டா?”

“கைய எடு மிஸ்திரி! கலைஞ்சா என் உசிரு போயிரும்” என்று பதறி வந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து இரங்கிவிட்டார் போலிருக்கிறது. ஒரு அட்டையை விரலால் நிமிர்த்திக் காட்டினார். “இங்க இருக்கிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு அட்டை. புத்தகத்துக்கு மட்டுமில்ல. ஜர்னல்ல வர்ற ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு அட்டை. எதைப் பத்தினதுன்னு மேல எழுதியிருக்கும். ஏ, பி, சின்னு வரிசையா நிக்கும். தென்னை வேணுமா, சி-யில பாரு. எந்த அலமாரி, எந்தப் புத்தகம், எத்தனாம் பக்கம், எல்லாம் இதுல இருக்கு.”

“எல்லாமேவா?”

“ஸப் குச்” என்றார், ஏதோ தானே எல்லாவற்றையும் எழுதியவர்போல.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பொய் சொல்லவில்லை. கோயிலில் திரை விலகும்போது வருமே, அப்படி. எவனோ ஒருவன் எங்கேயோ ஒரு தேசத்தில் உட்கார்ந்து தென்னை ஓலையில் விழும் புள்ளியைப் பார்த்து எழுதியிருக்கிறான். அது கடல் தாண்டி வந்து, இந்த ஊதிப்போன இழுப்பறைக்குள், எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது! இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

“தாதா, நத்தையைப் பத்தி இருக்குமா?”

நத்தை என்றதும் எனக்கு ஏன் நெஞ்சு அடித்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

தீவுக்கு வந்த முதல் வருஷம் எனக்கு மலேரியா கண்டு, பிழைப்பேனா என்றாகிவிட்டது. என் மனைவி அப்போது முருகனிடம் வேண்டிக்கொண்டாள். ‘இவரை எழுப்பிக் கொடு. இந்த மண்ணில் என் கையால் பூ வளர்த்து, திருக்கார்த்திகைக்கு உனக்கு மாலை சாத்துகிறேன். சாத்துகிறவரை இந்தக் கடலைத் தாண்ட மாட்டேன்.’ நான் எழுந்துவிட்டேன். பூதான் எழவில்லை. அவள் செண்டுமல்லி என்கிற கேந்தி விதை போட்டாள். முளைத்தது. நத்தை தின்றது. மறுபடி போட்டாள். மறுபடி தின்றது. இரண்டு கார்த்திகை அப்படியே போயிற்று.

அந்த நத்தையைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஊரில் வயல் வரப்பில் பார்க்கிற நத்தை இல்லை அது. கைமுட்டி அளவு. ஓட்டில் பழுப்பு வரி ஓடும். மழை விழுந்தால் போதும், சுவரெல்லாம், கிணற்றடியெல்லாம் அதுதான். யுத்த காலத்தில் ஜப்பான்காரர்கள் தீவைப் பிடித்து வைத்திருந்தபோது கொண்டுவந்து விட்டது என்பார்கள். அதனால் தமிழர், வங்காளி, தெலுங்கர், மலையாளி எல்லோருக்கும் அது ஜப்பான் நத்தை. இந்தியில் ஜப்பானி கோங்கா.

மற்றவர்கள் உப்பைக் கொட்டிக் கொன்றார்கள். என் மனைவி விடவில்லை. “சாமிக்குப் பூப் பறிக்கிற எடம். அதுல உசிரைக் கொன்னு போட்டுட்டு, அந்தப் பூவையே கொண்டுபோய்ச் சாத்தவா? அதுக்கு நான் வேண்டாமலே இருந்திருப்பேன்” என்றுவிட்டாள். நான் ஒரு பலகை மேடை செய்து, நான்கு காலையும் தண்ணீர் டப்பாவில் நிறுத்தி, மேலே மண் பரப்பிக் கொடுத்தேன். நத்தை வீட்டுச் சுவரில் ஏறி, கூரை விளிம்பிலிருந்து மேடை மேல் விழுந்து தின்றது. அவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “உங்கள விட இது நல்ல தச்சனுங்க” என்றாள். மேடையில் வளர்ந்தால் அது ‘இந்த மண்ணில்’ ஆகுமா என்று வேறு அவளுக்குச் சந்தேகம்.

இதெல்லாம் இருக்கும்போதுதான் அந்த ஆவணியில் ஊரிலிருந்து செய்தி வந்தது. தையில் அவள் தம்பிக்குக் கல்யாணம். ஒரே தம்பி. இவள் ஒரே அக்கா. மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டால் மற்ற முடிச்சு நாத்தனார் போட வேண்டும். கூடப் பிறந்தவள் கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால் யார் போடுவது? செய்தி வந்த அன்று அவள் அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

“கப்பலுக்குச் சொல்லி வைக்கட்டுமா?” என்றேன்.

“பூ எங்கங்க?” என்றாள்.

அவ்வளவுதான். அந்தக் கார்த்திகைக்குப் பூ வந்தால் அவள் முடிச்சுப் போடுவாள். வராவிட்டால் இல்லை. முருகனோடு பேரம் பேச அவளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

அதனால்தான் தாதாவிடம் நத்தை என்று கேட்டபோது என் குரல் எழும்பிவிட்டது. அவர் எஸ் இழுப்பறையை இழுத்தார். நான் அப்போதுதான் இழைத்து, மெழுகுவர்த்தி தேய்த்து விட்டிருந்தேன். வெண்ணெயில் போவதுபோல வந்தது. நத்தைக்கான இங்கிலீஷ் வார்த்தையின்கீழ் சில அட்டைகள் இருந்தன. தாதா வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “எல்லாம் குளத்து நத்தை. மாட்டுக்கு ஈரல் நோய் கொண்டுவர்றது. உனக்கு எந்த நத்தை வேணும்?”

“நம்ம நத்தை. ஜப்பானி கோங்கா.”

“அட, அதை முதல்ல சொல்லக் கூடாதா!” என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஜப்பான்னா ஜே!”

எனக்கும் அது சரியாகவே பட்டது. இரண்டு பேரும் ஜே இழுப்பறையின்மேல் விழுந்தோம்.

இப்போது என் மகன் கம்ப்யூட்டரில் காட்டுகிறான். வீட்டிலிருந்தபடியே ஒரு வார்த்தையைத் தட்டினால் உலகத்துச் சஞ்சிகைகளும் புத்தகங்களும் வரிசைகட்டி வந்து நிற்கின்றன. அதைப் பார்த்ததும் எனக்குத் தேக்கும் மெழுகும் ஈரக் காகிதமும் கலந்த அந்த வாசனை வந்துவிட்டது. “எந்தப் பேர்ல தேடணும், அதைச் சொல்லுங்கப்பா” என்கிறான் அவன். அன்றைக்கு எங்களுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. பேர்தான் தெரியுமே! ஊரே சொல்கிற பேர்!

ஜப்பானைப் பற்றி அங்கே நிறைய இருந்தது. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் நான் பஜாரில் டீயைக் குடித்துவிட்டு மேடேறிவிடுவேன். பீரோ வேலை இன்னும் பாக்கி இருந்ததால் யாரும் என்னை ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. ஒரு இழுப்பறையை இழைப்பேன், ஒரு அட்டையைப் பார்ப்பேன். தாதா புத்தகத்தை எடுத்து வருவார். அவர் இங்கிலீஷை வாசித்து இந்தியில் சொல்வார். நான் அதை மனசுக்குள் தமிழாக்கிக்கொள்வேன். இந்த மூன்று படியும் இறங்கி வருவதற்குள் எத்தனை விஷயம் சிந்தியதோ தெரியாது. வந்து சேர்ந்ததே எனக்குப் பெருவிருந்து.

ஜப்பான் முறையில் நெல் நடுவது எப்படி என்று முழுக்கத் தெரிந்துகொண்டேன். கயிறு பிடித்து வரிசையாக நட வேண்டுமாம். சிப்பிக்குள் முத்து விளைவிப்பது, பட்டுப்புழுவுக்கு இலை நறுக்குவது, கடல்பாசியை அரிசிச் சோற்றில் சுற்றித் தின்பது. ஒவ்வொன்றும் கிடைக்கக் கிடைக்க, அடுத்த பக்கத்தில் நத்தை வந்துவிடும் என்று மனசு குதிக்கும். வராது. அடுத்த அட்டையில் வரும் என்று குதிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி வாசலிலேயே கேட்பாள். “இன்னைக்கு என்ன படிச்சீங்க?”

“முத்து எப்படி விளையுதுன்னு.”

“நல்லது. நத்தைக்குக் கழுத்துல போட்டுவிடலாம்.”

“சும்மா இரு புள்ள. நெல்லு நட ஒரு வழி படிச்சேன், பாரு...”

“நமக்கு வயலே இல்லையேங்க!”

இப்படிக் கேலி பேசுவாளே தவிர, சனிக்கிழமை காலையில் என் வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் காய வைத்திருப்பாள். நூலகத்துக்குப் போகிறவன் தச்சன் சட்டையில் போகக் கூடாது என்று அவளுக்கு.

எல்லா இழுப்பறையும் சரியாகிவிட்டது, ஒன்றைத் தவிர. மேல் வரிசையில் முதலாவது, ஏ இழுப்பறை. அதற்கு நேர் மேலே கூரை ஒழுகும். பக்கப் பலகையே உளுத்துப்போயிருந்தது. அதற்குப் புதுப் பலகை கிடைக்கட்டும் என்று கடைசிக்கு விட்டிருந்தேன். ஸ்டோரில் ஒரு துண்டு படாக் மரம் கிடைத்ததும் கொண்டுபோய், பழசை உடைத்துத் திறந்தேன். உள்ளே அட்டைகள் ஈரத்தில் ஒட்டிக்கிடந்தன. தாதாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று அதிசயமாக வெயில் இருந்தது. வராந்தாவில் சாக்கை விரித்து, வரிசை கலையாமல் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பரப்பினோம். அவர் கடைசி அட்டையிலிருந்து ஒவ்வொன்றாக இங்கிலீஷ் பேரை முணுமுணுத்தபடியே வைத்துக்கொண்டு வந்தார்.

“பாக்கு அழுகல்... பாக்கு... ஆப்பிரிக்க எண்ணெய்ப் பனை... ஆப்பிரிக்க ராட்சச நத்தை...”

“நத்தையா?” நான் எழுந்தே விட்டேன்.

அவர் அட்டையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். “ஆமா, நத்தைதான். ஆனா ஆப்பிரிக்கா நத்தை. சிலோன்ல தோட்டத்துல வந்ததாம். நம்மளது ஜப்பான்.”

“ஓ... ஆமா” என்றேன். உட்கார்ந்துவிட்டேன். அட்டை சாக்கின்மேல் மற்ற அட்டைகளோடு காய்ந்தது. சாயங்காலம் நானே அதைக் கம்பியில் கோத்தேன். புது இழுப்பறையை உள்ளே தள்ளினேன். மெழுகு நன்றாகப் பிடித்திருந்தது, சத்தமில்லாமல் போயிற்று. பீரோ வேலை முடிந்தது. இனிமேல் நூலகத்துக்கு வர எனக்கு ஒரு காரணமும் இல்லை.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் நாளை எண்ணிக்கொண்டே போனேன். புரட்டாசி பிறந்துவிட்டது. இப்போது முளைத்துத் தப்பினால்தான் கார்த்திகைக்குப் பூ. வீட்டில் அவள் இன்னொரு முறை விதை போட்டு, முளை மண்ணைக் கீறிக்கொண்டு வந்திருந்தது. பக்கத்தில் ஒரு கூடை. காலையில் பொறுக்கிய நத்தைகள் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. ஓடைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவருவாள். அவை திரும்பி வந்தனவா, அவற்றின் சொந்தக்காரர்கள் வந்தார்களா, தெரியாது. குறைந்ததே இல்லை.

“வேலை முடிஞ்சுருச்சு. ஒண்ணும் கிடைக்கல” என்றேன். “ஒரே ஒரு நத்தை இருந்துச்சு. அதுவும் ஆப்பிரிக்காக்காரன்.”

“அதுல என்ன போட்டிருந்துச்சு?”

“அதைப் பாக்கல. நம்மளது ஜப்பான்ல?”

அவள் கூடையிலிருந்து ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். “இது ஜப்பான்னு யாருங்க சொன்னா?”

“ஊரே சொல்லுது. ஜப்பான்காரன்தானே கொண்டாந்தான்!”

“கொண்டாந்தவன் பேரைத்தானே சொல்றாக? இங்க நம்மள எல்லாரும் மதராஸிங்கிறாக. எதுக்கு? மெட்ராஸ் கப்பல்ல வந்து எறங்குனோம், அதுக்கு. மெட்ராஸை நான் கப்பலுக்குக் காத்துக்கெடந்த அன்னைக்குத்தான் பாத்தேன். ஹார்பர் கேட்டைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது. நம்ம ஊர்ல போயி என்னை மதராஸின்னு எவனாவது தேடுனா கெடைப்பேனா?” என்று சொல்லிவிட்டு நத்தையைக் கூடையில் போட்டாள். “பாவம், இதுக்கும் சொந்த ஊருன்னு ஒண்ணு இருக்கும்ல.”

நான் மறுபடி செருப்பை மாட்டினேன்.

“எங்க போறீங்க? பஸ்ஸெல்லாம் போயிருச்சு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை!”

ஞாயிறு நகர்ந்ததே இல்லை, அந்த ஞாயிறு மாதிரி. எங்கள் கோயில் அப்போது தகரக் கொட்டகைதான், நடுவில் ஒரு வேல். அதன் முன்னால் போய் நின்று, “அப்பனே, அது ஆப்பிரிக்காவாகவே இருக்கட்டும்” என்று வேண்டிக்கொண்டேன். இப்படி ஒரு வேண்டுதலை அந்த வேல் கேட்டிருக்காது.

திங்கள் மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே மேடேறி ஓடினேன். தாதா கையில் மீன்குழம்புச் சோறு.

“தாதா! ஏ இழுப்பறை! ஆப்பிரிக்கா!”

“என்ன மிஸ்திரி, மறுபடி சிக்கிக்கிச்சா?”

மனைவி சொன்னதைச் சொன்னேன். அவர் சோற்றை வாயில் வைக்காமலே கேட்டார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “என்னை இங்க எல்லாரும் கல்கத்தாவாலாங்கிறாங்க. நான் பார்த்த கல்கத்தா ஒரே ஒரு கப்பல்துறைதான்! அண்ணி சொன்னது நூத்துக்கு நூறு.” கையைக் கழுவிவிட்டு, அட்டையைப் பார்த்து, ஏணி போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து ஒரு பைண்டு வால்யூமை இறக்கினார். தூசி தட்டினார். பக்கத்தைப் புரட்டினார். புரட்டப் புரட்ட என் நெஞ்சு அந்தப் பக்கங்களோடு புரண்டது.

வழவழப்பான ஒரு படத்தாள் வந்தது.

“முருகா!” என்று நான் போட்ட சத்தத்தில் முன்கட்டில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

அதேதான். அதே கூம்பு ஓடு, அதே பழுப்பு வரி, அதே நீட்டிய கொம்பு. எங்கள் கிணற்றடியில் உட்கார்ந்து படம் பிடித்ததுபோல இருந்தது. தாதா என் முதுகில் அறைந்தார். நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். இரண்டு குடும்பஸ்தர்கள் ஒரு நத்தைப் படத்தை நடுவில் வைத்துக்கொண்டு குதித்தோம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

பிறகு வாசித்தோம். கீழை ஆப்பிரிக்காதான் அதற்குச் சொந்த ஊராம். அங்கிருந்து கப்பல் கப்பலாக ஏறி, தீவு தீவாக வந்திருக்கிறது. பகலில் ஈரக் குப்பைக்கடியில் ஒளியுமாம். பச்சை நாற்றைவிட அழுகிய இலையும் பழமும் அதற்கு ருசியாம். பப்பாளி என்றால் உயிராம். மருந்து வைத்துக் கொல்லும் வழியும் போட்டிருந்தது. தாதா அதை வாசிக்கத் தொடங்கியதும் நான் கை காட்டி நிறுத்திவிட்டேன்.

“அது வேண்டாம் தாதா. வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க. பப்பாளியைத் திரும்ப ஒருக்கா வாசிங்க.”

அவர் திரும்ப வாசித்தார். நான் பப்பாளி, குப்பை, பப்பாளி, குப்பை என்று சொல்லிக்கொண்டே பஸ் பிடித்தேன்.

அன்று சாயங்காலமே வேலையைத் தொடங்கினோம். பாத்தியைச் சுற்றி அவள் ஈரம் காக்கட்டும் என்று பரப்பியிருந்த இலைச் சருகு, மட்டை எல்லாவற்றையும் வாரி எடுத்தோம். நாற்றுக்கு நல்லது என்று போட்டதுதான் நத்தைக்குப் பந்தலாகியிருந்தது. பாத்தியைச் சுற்றி வெறும் மண்ணாகச் செதுக்கி விட்டோம். வேலியோரம், கடைக்கோடியில், வெட்டிப்போட்ட பப்பாளித் தண்டு, இலை, வெம்பிய காய் எல்லாவற்றையும் குவித்து, மேலே வாரிய சருகைப் போட்டு மூடினோம். என் மனைவி ஒரு பழுத்த பழத்தையும் பிளந்து நடுவில் வைத்தாள்.

“அது நாம திங்கிற பழம், புள்ள.”

“படையல்னு வந்துட்டா அரைகுறையா வைக்கக் கூடாதுங்க” என்றாள். வைத்துவிட்டுக் குவியலைப் பார்த்து, “சாப்புட்டு அங்கிட்டே இருந்துக்கங்க ராசா” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

விடியும்போது மழை வெறித்திருந்தது. எனக்கு முன்னால் அவள் எழுந்து போய்விட்டாள். “ஏங்க! ஏங்க! இங்க வாங்களேன்!” என்ற சத்தத்தில் நான் வேட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். பாத்தியில் நாற்று அத்தனையும் நின்றது. இலை நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டு, ஒரு கடி படாமல். வேலியோரம் போய்ச் சருகை விலக்கினால், அடேயப்பா! தேர் நிலைக்கு வந்த அன்றைக்குக் கூட்டம் நிற்குமே, அப்படி ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு பப்பாளியின்மேல் அத்தனை நத்தை.

அடுத்து ஒரு சிக்கல். விருந்துக்கு வந்தவர்கள் பெருகினால்? தாதாவுக்குச் சேதி சொன்னேன். அவர் சாக்கோடு வந்து நின்றார். வீட்டில் வாத்து வளர்க்கிறாராம், குஞ்சு நத்தை என்றால் அப்படியே விழுங்குமாம், பெரிசையும் உடைத்துப் போட்டால் விடாதாம். நான் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவள் நின்று யோசித்தாள்.

“நான் கொல்ல மாட்டேன். என் தோட்டத்துலயும் கொல்லக் கூடாது. ஆனா வாத்துக்கு நான் போயி விரதம் வைக்க முடியுமா? அது அது, அதுக்கு விதிச்சதைத் திங்குது” என்று தீர்ப்புச் சொன்னாள்.

“அண்ணி என்ன சொல்றாங்க?” என்றார் தாதா.

“எடுத்துட்டுப் போகச் சொல்றாங்க.”

“இவ்வளவு நேரம் பேசினாங்களே!”

அதுமுதல் அவர் வந்து வந்து சாக்கை நிரப்பிக்கொண்டு போனார். வாத்து முட்டை வேண்டுமா என்று ஒரு நாள் கேட்டார். அது கார்த்திகை விரத காலம், வேண்டாம் என்றோம். நானும் பப்பாளிக்கு அக்கம்பக்கம் அலைந்தேன். பக்கத்து வீடுகளிலும் எங்கள் நாற்றைப் பார்த்துவிட்டுப் பப்பாளித் தண்டு வைக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கு நான் விளக்கம் சொல்லும்போது ஆப்பிரிக்கா என்பேன். “ஆமாமா, ஜப்பான் நத்தை” என்று தலையாட்டுவார்கள்.

ஐப்பசி மழையில் இரண்டு வரிசை சாய்ந்து அழுகிப்போயிற்று. மீதிக்கு நான் குச்சி நட்டுக் கட்டினேன். அவள் ஒவ்வொரு செடியிடமும் நின்று நின்று போவாள். முதல் மொட்டு மஞ்சள் காட்டிய அன்று என்னைக் கூப்பிடவில்லை. வேலைக்குப் போகும்போது, “வரும்போது ஆபீஸ்ல கப்பலுக்குச் சொல்லிட்டு வந்துருங்க” என்றாள். நான் திரும்பிப் பாத்தியைப் பார்த்தபிறகுதான் புரிந்தது.

திருக்கார்த்திகை அன்று மழை விட்டுவிட்டுப் பெய்தது. அகல் விளக்குகளைக் கொட்டகைக்குள்ளேயே ஏற்றினோம். அவள் கோத்த மாலை அப்படி ஒன்றும் பெரிசில்லை, வேலின் கழுத்தைச் சுற்றி ஒரு சுற்று வந்தது. மஞ்சளும் செம்மஞ்சளுமாக, காம்பில் இன்னும் எங்கள் தோட்டத்து ஈரத்தோடு. தீபம் காட்டும்போது அவள் கண்ணை மூடவே இல்லை. பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் கண் மறைத்தது. தாதாவும் குடும்பத்தோடு வந்திருந்தார். சுண்டலைக் கையில் வாங்கிக்கொண்டு என் காதில் சொன்னார்: “மிஸ்திரி, அந்த அட்டையில மேல பென்சிலால ‘ஜப்பான்’னும் எழுதி வச்சிட்டேன். ஜே-யிலயும் ஒரு அட்டை போட்டு, ‘ஆப்பிரிக்காவைப் பார்’னு குறிச்சாச்சு. நாளைக்கு நம்மள மாதிரி எவனாவது வருவான்ல?”

மார்கழியில் கப்பல் ஏறினோம். தை முகூர்த்தத்துக்கு முதல் நாள்தான் ஊர் போய்ச் சேர்ந்தோம். பந்தலில் ஒரே கூட்டம். மறுநாள் காலை என் மைத்துனன் தாலியை எடுத்து முதல் முடிச்சைப் போட்டதும், யாரோ ஒரு பெரியம்மா உரக்கக் கூவினாள்.

“எங்கடி அந்த அந்தமான்காரி? முடிச்சுப் போட வரச் சொல்லுங்க!”

என் மனைவி பிறந்த தெரு அது. அந்த வீட்டு முற்றத்தில் தவழ்ந்தவள். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எழுந்தாள். என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. சிரித்தபடியே குனிந்து முடிச்சை இறுக்கினாள்.